கட்டை மக்கர் பண்ணினால் முதலில் ஸ்விட்சை அணையுங்கள்

'கட்டை மக்கர் பண்ணுது' என்ற பேச்சு எழாத நாள் கடைசல் பட்டறையில் கிடையாது. உளி தாவும். வழவழவென்று வரவேண்டிய இடத்தில் நார் பிய்ந்து நிற்கும். சனிக்கிழமை வட்டமாகக் கழற்றி வைத்த கிண்ணம் புதன்கிழமை முட்டை மாதிரி ஆகியிருக்கும். அல்லது ராத்திரி யாரும் தொடாமலே 'டப்' என்று வெடித்திருக்கும். அந்த எரிச்சலில் கை தானாகச் செய்கிற காரியம், உளியை இன்னும் கொஞ்சம் அழுத்துவது. விரல் போவதும் கட்டை பறப்பதும் அந்த அழுத்தலில்தான்.

10 அங்குல விட்டமும் 4 அங்குல கனமும் உள்ள பச்சைக் கட்டை சுமாராக 5 கிலோ இருக்கும். லேத் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முகத்துக்கு ஓரடி தூரத்தில் சுழல்வது அதுதான். அதோடு பலப்பரீட்சை வேண்டாம். மரம் எதிர்த்தால் மெஷினை நிறுத்துங்கள். ஏன் எதிர்க்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஈரம் இருக்கும், நார் எதிர்த்திசையில் ஓடும், இல்லையென்றால் உளி மழுங்கியிருக்கும். மூன்றுக்கும் வழி உண்டு. அழுத்துவது எதற்கும் வழியல்ல.

கட்டை வருகிற வழி

வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பட்டறைகளுக்குக் காட்டு மரம் வருவது அபூர்வம். புயலில் சாய்ந்த தெரு மரம், பழைய வீட்டை இடித்ததில் கிடைத்த உத்திரம், துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் மரத்தட்டான பாலெட், காசிமேட்டில் உடைத்த படகின் பலகை, விறகுத்தொட்டிச் சவுக்கு, காலி மனையில் வெட்டிய சீமைக் கருவேலம் என்றுதான் வரும். மலிவு என்பது சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு.

தெரு மரத்தில் ஆணி இருக்கும். விளம்பரத் தட்டிக்கும் கொடிக்கும் அடித்த ஆணி, சீரியல் பல்பு கட்டிய கம்பி எல்லாவற்றையும் மரம் வளர்ந்து உள்ளே மூடிவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டையின் மேல் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் மேலோட்டமாக இருக்கும் இரும்பை மட்டும்தான் அது காட்டும். இன்னொரு அடையாளம், அறுத்த முகத்தில் தெரியும் நீலக்கருப்புக் கீற்று. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்த நிறம் வரும். கீற்று எந்தப் பக்கம் அடர்த்தியாகப் போகிறதோ அந்தப் பக்கம் ஆணி இருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். தோண்டி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஆசை வேண்டாம்.

தெரு மரத்தில் கண்ணுக்குத் தெரியாத வில்லங்கம் ஒன்றும் உண்டு. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளைத் தொடர்ந்து வெட்டிய மரமும், கடற்காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்த மரமும் உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கும். அறுத்த முகத்தைப் பாருங்கள். வளையங்களின் மையம் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால் அது அந்த வகைதான். அதன் அகலமான பக்கத்தில் உளி வைத்தால் சுருள் வராது, பஞ்சு பஞ்சாக நார் எழும்பும். எத்தனை முறை உப்புத்தாள் போட்டாலும் பஞ்சு அடங்காது. காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். கிளைக் கட்டைக்கும் இதே கதைதான்.

பாலெட் மரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். எச்.டி. என்று இருந்தால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றியது என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, பட்டறைக்குள் வேண்டாம். எச்.டி. என்று இருந்தாலும் அந்தப் பாலெட்டின் மேல் வழியில் என்ன ரசாயனம் கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. கறை படிந்த பலகையை விட்டுவிடுங்கள்.

படகுப் பலகை பார்க்க அழகு. ஆனால் அதில் தார், பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் பெயின்ட், டீசல், உப்பு எல்லாம் ஊறியிருக்கும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அது ஆகவே ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயில் நனைந்த மரமும் அப்படித்தான். மேலே கழுவினாலும் நாருக்குள் ஏறியது வெளியே வராது. பழைய வீட்டுத் தேக்கில் ஆபத்து பெயின்ட்டில் இருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவு, ஜன்னல், உத்திரம் எதையும் பெயின்ட்டோடு லேத்தில் மாட்டாதீர்கள். உலர்வாகத் தேய்த்தும் எடுக்காதீர்கள், தூள் வீட்டுப் பிள்ளைகளின் வாய்க்குப் போகும். பெயின்ட் உள்ள முகத்தை ரம்பத்தால் பலகையாகவே அறுத்து நீக்கி, விழுந்த தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஈரம்

நம் ஊரில் கிண்ணம் வெடிப்பதற்கு முதல் காரணம் மையத்தை விட்டுவைப்பது. ஓரடி விட்டக் கட்டை கிடைத்ததும் 'முழு வட்டமாவே கடைஞ்சிடலாம்' என்று தோன்றும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மையம் உள்ளே மாட்டியிருந்தால் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்க வழியில்லாமல் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். கட்டையை நீளவாக்கில் மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, இரு பாதியிலும் மையத்தை ஒட்டி அரை அங்குலம் நீக்குங்கள். ஒரு பெரிய கிண்ணத்துக்குப் பதிலாக இரண்டு சிறிய கிண்ணம் கிடைக்கும். இரண்டும் வெடிக்காமல் நிற்கும்.

நடைபாதையில் ஒரு மாதம் கிடந்த கட்டையென்றால் இரண்டு முனையிலும் வெடிப்பு ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். இரண்டு அங்குலம் அறுத்துத் தள்ளுங்கள். பிறகு முனையிலிருந்து தீப்பெட்டிக் கனத்தில் ஒரு வில்லை எடுத்துக் கையால் வளைத்துப் பாருங்கள். ஒரு கோட்டில் சட்டென்று பிளந்தால் வெடிப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி அறுக்க வேண்டும். நல்ல வில்லை எதிர்ப்பு காட்டி, ஒழுங்கில்லாமல் நார் நாராக முறியும். நல்ல முகம் கிடைத்த அன்றைக்கே அதன் மேல் உருக்கிய மெழுகுவர்த்தி மெழுகோ, இரண்டு கோட் வெள்ளைப் பசையோ பூசிவிடுங்கள். மரம் தண்ணீரை வேகமாக விடுவது அந்தக் குறுக்குவெட்டு முகத்தின் வழியாகத்தான்.

பச்சையாக இருக்கும்போது கிண்ணத்தை முரட்டு வடிவத்தில் கடைந்து காயவைப்பது உலகெங்கும் உள்ள முறை. பக்கச் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம். நாரின் நீளவாக்கில் சுருக்கம் ஏறத்தாழ இல்லை. குறுக்கே 4 சதவீதம் சுருங்கினால் 10 அங்குலம் என்பது 10 மில்லிமீட்டர் குறையும், அதனால்தான் முட்டையாகிறது. ஓர் அங்குலக் கனம் இருந்தால் அந்த முட்டைக்குள் மறுபடி ஒரு வட்டத்தைக் கடைந்தெடுக்க இடம் இருக்கும். அரை அங்குலத்தில் நிறுத்தினால் அந்த இடம் போதாமல் போகலாம். 'கெட்டியாக இருக்கட்டும்' என்று இரண்டு அங்குலம் விட்டால் வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக நின்று வெடிக்கும். சுவரும் அடிப்பாகமும் ஒரே கனமாக இருப்பது முக்கியம். அடி தடித்துப் போன கிண்ணம் அடியில்தான் பிளக்கிறது.

முரட்டுக் கிண்ணத்தை அதே மரத்தின் சீவலோடு காகிதப் பையிலோ சணல் சாக்கிலோ போட்டு, காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரண் மேல் வைப்பது பெரிய தப்பு. அக்னி நட்சத்திர நாட்களில் கடற்காற்று நுழையத் தாமதமாகும், மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். ஒரே மத்தியானத்தில் வெடித்துவிடும். கட்டிலுக்கு அடியில் உள்ள தரை நல்ல இடம். ஐப்பசி கார்த்திகை மழையில் சிக்கல் நேர்மாறு. பூஞ்சை பிடித்து மரம் நீலம் பூக்கும். அப்போது சீவலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அல்லது சீவலில்லாமல் வெறும் பையில் வைக்க வேண்டும்.

எப்போது காய்ந்தது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு, தேதியோடு கிண்ணத்தின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை நாலு வாரம் அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஓர் அங்குலச் சுவருக்கு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அப்படிக் காய்ந்தாலும் நம் கடலோர ஈரக்காற்றில் மரம் 14 சதவீத ஈரத்தை வைத்துக்கொண்டுதான் நிற்கும். ஏ.சி. அறைக்குப் போனால் 9 சதவீதம் வரை இறங்கும். ராயபுரத்தில் இறுக்கமாகப் பொருந்திய மூடி ஏ.சி. அறையில் ஆடுவதற்கும் சிக்கிக்கொள்வதற்கும் காரணம் இதுதான். வாங்குகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நார்

கடைந்து முடித்த கிண்ணத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடம் மட்டும் பூனை நக்கியதுபோல் சொரசொரவென்று இருக்கும். நடுவில் உள்ள இரண்டு இடம் கண்ணாடி மாதிரி மின்னும். பலகை வாட்டத்தில், அதாவது நார் சுழலும் அச்சுக்குக் குறுக்கே ஓடும்படி மாட்டிய கட்டை ஒரு சுற்று சுற்றும்போது உளி இரண்டு முறை நாரோடும் இரண்டு முறை நாருக்கு எதிராகவும் போகிறது. சொரசொரப்பு அந்த எதிர்ப்பக்கம். இது எல்லா மரத்திலும் உண்டு. குறைக்கும் வழி வெட்டும் திசையில் இருக்கிறது: கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து வாய் நோக்கி வெட்டுங்கள், உட்புறத்தை வாயிலிருந்து அடி நோக்கி வெட்டுங்கள். அப்படிப் போனால் வெட்டுப்படுகிற நாருக்குப் பின்னால் தாங்கிக்கொள்ள இன்னொரு நார் இருக்கும். மாற்றிப் போனால் தாங்க ஆளில்லாமல் பிய்ந்துவிடும்.

தூங்குமூஞ்சி, வேம்பு, நாவல் மாதிரி பின்னல் நார் உள்ள மரங்களில் இந்தத் திசை மட்டும் போதாது. அவற்றில் நார் ஓர் அடுக்கில் வலப்பக்கம் முறுக்கி, அடுத்த அடுக்கில் இடப்பக்கம் முறுக்கி ஏறியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஓர் அடுக்கு எதிர்க்கும். இங்கே வேலை செய்வது பொறுமை ஒன்றுதான். கடைசி மூன்று வெட்டுக்கு முன் உளியைச் சாணை பிடியுங்கள். பிய்ந்த இடத்தில் தண்ணீரோ ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோ துணியால் தடவி, நார் விறைத்ததும் அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமல் மெதுவாக வெட்டுங்கள். அதற்கும் அடங்காத இடத்தை, சுரண்டும் உளியான ஸ்கிரேப்பரை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து வெளிப்புறத்தில் மட்டும் தடவி எடுக்கலாம்.

சவுக்கு விறகுத்தொட்டியில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கிண்ணத்துக்கு எடுக்காதீர்கள். இரும்பு மாதிரி இருக்கும், காயும்போது தாறுமாறாக வெடிக்கும். தென்னையும் பனையும் வேறு சாதி. வெளியோரம் கல், உள்ளே சோறு; தென்னையின் நாரில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், சிலாம்பு ஊசியாக ஏறும். தேக்கிலும் சிலிக்கா உண்டு. மாமரம் கடைய இதமானது, ஆனால் அதன் பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும். அரளி எந்த வகையானாலும் பட்டறைக்குள் வரக்கூடாது, அதன் எல்லாப் பாகமும் விஷம். எல்லோரும் வெறுக்கிற சீமைக் கருவேலம்தான் கடைசலுக்கு நல்ல பிள்ளை. சுருங்குவது குறைவு, நிறம் அருமை. கோணல்மாணலும், பட்டை உள்ளே மடிந்து கிடப்பதும்தான் அதில் தொல்லை. மடிந்த பட்டை சுவரின் குறுக்கே வந்தால் அந்தக் கட்டையைக் கைவிடுங்கள்.

உளி தாவுவது

கௌஜ் என்கிற குழியுளி தாவுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கூர்முனைக்குப் பின்னால் உள்ள சாய்முகம் மரத்தில் படாமல் முனை மட்டும் பட்டுவிடுவது. முதலில் சாய்முகத்தை மரத்தில் உரச விடுங்கள். சீவல் வராது, உரசல் சத்தம் மட்டும் வரும். பிறகு பிடியின் பின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் முனை மரத்தைத் தொட்டுச் சுருள் கிளம்பும். குழியின் வாய் வானம் பார்த்தால் தாவும். வெட்டும் பக்கம் பார்த்து, கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி திசையில் திரும்பியிருக்க வேண்டும்.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் மரத்துக்கும் இடைவெளி கால் அங்குலம். மரம் தேயத் தேய இடைவெளி கூடும். அதை நகர்த்தச் சோம்பல்பட்டால் உளியின் நீட்டம் அதிகமாகி அதிரும். நகர்த்தும்போதும் மெஷின் நின்றிருக்க வேண்டும். வேகத்துக்குக் கணக்கு உண்டு. அங்குல விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்கட்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. கோணல் கட்டையைச் சமன்படுத்தும்வரை அதிலும் பாதி.

சீவலைக் கவனியுங்கள். நீளச் சுருளாக வந்துகொண்டிருந்தது தூளாக மாறினால் உளி போய்விட்டது. கடினமான மரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போக வேண்டியிருக்கும், அதை வேலை கெடுவதாக நினைக்காதீர்கள். ஒரு கண்டிப்பு: பழைய அரத்தைத் தேய்த்து உளி செய்யாதீர்கள். அரம் கண்ணாடி மாதிரி விறைப்பான எஃகு. உளி ஒருமுறை தாவினாலே முறிந்து பறக்கும்.

வாயோரத்தை முதலில் முடித்துவிடுங்கள். நடுவில் சதை இருக்கும்போது சுவர் ஆடாது. அடிவரை குடைந்த பிறகு 'வாயில் ஒரு சின்னத் தடவல்' என்று திரும்பிப் போனால் மெல்லிய சுவர் கிடுகிடுவென்று அதிர்ந்து உளியைப் பிடித்து இழுக்கும். கிண்ணங்கள் துண்டாவது அந்த ஒரு தடவலில்தான்.

பிடிமானத்தில் கஞ்சம் வேண்டாம். கட்டையைத் திருகாணியால் மாட்டும் வட்டத் தட்டான ஃபேஸ் பிளேட்டுக்கு ஆறு திருகாணியாவது வேண்டும், ஓர் அங்குலம் மரத்துக்குள் இறங்க வேண்டும். பால்ஸ் சீலிங்குக்குப் போடும் கறுப்புத் திருகாணி கூடாது, அது பக்கவாட்டு அடியில் முறியும். தாடைகளால் கவ்வும் சக்கில் பிடிப்பதானால், அது கவ்வுவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கடைந்துவிடும் அடிப்பிடியின் நுனி சக்கின் உள்தரையில் இடிக்கக்கூடாது, அதன் தோள்தான் தாடையில் உட்கார வேண்டும். பச்சை மரம் நசுங்கித் தாடை உள்ளே இறங்கும். பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள். கட்டையை எதிர்முனையிலிருந்து தாங்கும் டெயில் ஸ்டாக்கை முடிந்தவரை எடுக்காதீர்கள்.

உடம்பு

லுங்கி, கழுத்தில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு, செயின், துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொளதொளத்த முழுக்கை சட்டை எதுவும் லேத் பக்கத்தில் இருக்கக்கூடாது. கையுறையும் கூடாது; பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிற துணிக் கையுறை சக்கில் மாட்டினால் கையையே சுருட்டிக்கொள்ளும். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு வேண்டும். மெஷினைப் போடும்போது கட்டை பறக்கும் கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

மரத்தூளை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் பெரிய வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருளாக அறிவித்துவிட்டது. மூக்கின் உள்ளறைகளில் வரும் புற்றுநோய் அது. சீவல் கீழே விழும், உப்புத்தாள் தூள்தான் மூச்சில் போகும். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்-95 முகக்கவசம் போடுங்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் தூளை வெளியே இழுக்கும் ஃபேன் வையுங்கள். தூங்குமூஞ்சியும் வேம்பும் தும்மலைக் கிளப்பும். பல நாள் ஒன்றும் செய்யாத மரமும் ஒருநாள் திடீரென்று இளைப்பைக் கொண்டுவரும், அப்படி வந்தால் அந்த மரத்தோடு உறவை முறித்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பும் எண்ணெயும்

காய்ந்த கிண்ணத்தை மறுபடி லேத்தில் ஏற்றும் முன் விரல் முட்டியால் தட்டுங்கள். நல்லது 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும், வெடித்தது மந்தமாக 'டப்' என்கும். சந்தேகம் இருந்தால் பாலிஷ் ஸ்பிரிட்டைத் துணியால் தடவி ஒரு நிமிடம் காத்திருங்கள். மேற்பரப்பு உலர்ந்த பிறகும் முடி கனத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே வெடிப்பு. விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் வெடிப்பை உடனடிப் பசை ஊற்றி ஒட்டிக் கடையும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பசை சந்தை மூடும், சுழலும் விசையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அதைச் செடி வைக்கக் கொடுத்துவிடுங்கள்.

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று வரிசையாகப் போகட்டும். எண்ணைத் தாண்டினால் முந்தைய கீறல் எண்ணெய் பட்டதும் தெரியும். அழுத்தித் தேய்த்தால் சூட்டில் குறுக்குநார் முகம் பிளக்கும், விரல் பொறுக்காத சூடு வந்தாலே நிறுத்துங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கிப் பூசினால் போதும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாள்பட்டால் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய் அழகாகக் காயும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிச் சீவல் மூட்டையில் எறிந்தால், எண்ணெய் காயும் சூட்டிலேயே ராத்திரியில் தானாகத் தீப்பிடிக்கும். அந்தத் துணியைக் கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைத்துவிட்டுப் பட்டறையைப் பூட்டுங்கள்.